அளவுதான் நஞ்சு என்றால் இந்தப் பயம் எதற்கு? (வீட்டுப் பொருள்களில் உள்ள வேதிப்பொருள்கள் பற்றிய விவாத இழை)

வாசகர் ஒருவர், 2025 ஜனவரி 11

சோப்பில் நஞ்சு, ஷாம்பூவில் நஞ்சு, பிளாஸ்டிக் டப்பாவில் நஞ்சு என்று தினமும் ஒரு செய்தி கண்ணில் படுகிறது. தண்ணீரும் உப்பும்கூட வேதிப்பொருள்கள்தான். எதுவும் அளவுக்கு மிஞ்சினால்தான் நஞ்சு; இந்தப் பொருள்களில் இருப்பதோ பத்து லட்சத்தில் சில பங்குகள். அரசு அனுமதியோடு விற்பனைக்கு வரும் பொருளைக் கண்டு எதற்காகப் பயப்பட வேண்டும்? உண்மையிலேயே பயப்பட வேண்டியவை சில இருந்தால் அவற்றை மட்டும் பட்டியலாகத் தாருங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம்.

2025 ஜனவரி 11, இரவு

தண்ணீரும் வேதிப்பொருள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ‘கெமிக்கல் இல்லாத சோப்பு’ என்று அச்சிட்டு விற்பவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. அளவே நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் சொன்னது இன்றும் நச்சியலின் அடிப்படைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டால் மூன்று கேள்விகள் விடுபட்டுப் போகின்றன. அந்தப் பொருள் உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது, எந்த வயதில் நுழைகிறது, நுழைந்த பிறகு எவ்வளவு காலம் தங்குகிறது என்பவையே அவை. பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்த மூன்று கேள்விகளும் பட்டியலைவிட அதிகமாக உதவியிருக்கின்றன.

முதல் கேள்விக்குத் தென் கொரியாவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அறைக் காற்றை ஈரமாக வைத்திருக்கும் கருவியின் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமலும் கிருமி வளராமலும் இருப்பதற்கென்று 1994 முதல் அங்கே ஒரு கிருமிநாசினித் திரவம் விற்கப்பட்டது. அதில் பரவலாகப் பயன்பட்டது பிஎச்எம்ஜி என்ற பொருள். தோலில் பட்டாலும் வாய்வழியே போனாலும் அதன் நச்சுத்தன்மை குறைவு என்பதால் அது பல இடங்களில் கிருமிநாசினியாக இருந்துவந்தது. ஆனால் கருவிக்குள் ஊற்றியதும் அது நுண்ணிய நீராவித் துளிகளோடு சேர்ந்து, தூங்குகிறவர்களின் நுரையீரலுக்குள் இரவு முழுவதும் போய்க்கொண்டிருந்தது. 2011-இல் கர்ப்பிணிகளும் குழந்தை பெற்ற இளம் பெண்களும் காரணம் புரியாத கடுமையான நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கியபோதுதான் விசாரணை நடந்தது. அதே ஆண்டில் அந்தத் திரவங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. பொருள் அதேதான், அளவும் சிறிதுதான். மாறியது நுழைந்த வழி மட்டுமே. அதை மூச்சுக்காற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று விற்பனைக்கு முன்பு யாரும் முறையாகச் சோதிக்கவில்லை.

ஆகவே வீட்டில் எதையாவது தெளிக்கும்போதும் புகைக்கும்போதும் நான் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்கிறேன். துணியில் ஊற்றித் துடைக்கக்கூடிய திரவத்தை ஸ்பிரேயாக வாங்குவதில்லை.

2025 ஜனவரி 12

‘அரசு அனுமதி’ பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ ஆய்வகத்தில் சோதித்து முத்திரை குத்தியிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மருந்துகளில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. மற்றப் பொருள்களில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 1976-இல் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே சந்தையில் இருந்த சுமார் 62,000 வேதிப்பொருள்கள் எந்தப் புதிய சோதனையும் இல்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டன. அந்தச் சட்டத்தை 2016-இல்தான் பெரிய அளவில் திருத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘ரீச்’ விதிகள், தரவு தராத பொருளுக்குச் சந்தை கிடையாது என்று சுமையை உற்பத்தியாளர் பக்கம் திருப்பின.

கல்நார் அதாவது ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதன் பெரும்பாலான பயன்பாடுகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1989-இல் தடை செய்தது. 1991-இல் ஒரு நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை நீக்கியது. கடைசியாக எஞ்சியிருந்த கிரைசோடைல் வகைக்கான தடை 2024-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பொருள் ‘அனுமதிக்கப்பட்டதாகவே’ இருந்தது.

2025 ஜனவரி 15

வயதைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பெரியவர் ஒருவர் விழுங்கும் ஈயத்தைவிட, அதே அளவு ஈயத்தை விழுங்கும் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயம் கால்சியத்தைப் போல நடிக்கும் தன்மை கொண்டது. எலும்பும் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கும் உடலுக்குக் கால்சியம் நிறையத் தேவைப்படுவதால், அந்த உடல் ஈயத்தையும் ஆவலோடு வாங்கிக்கொள்கிறது. குழந்தைகள் தரையில் தவழ்கிறார்கள், தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறார்கள், எடைக்கு விகிதமாகப் பார்த்தால் நம்மைவிட அதிகமாக மூச்சு விடுகிறார்கள். ‘பத்து லட்சத்தில் சில பங்குகள்’ என்ற கணக்கு எந்த உடலுக்குப் போடப்பட்டது என்று கேட்காமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் படிந்திருந்த ஈயத்தை அளந்தார். இரத்தப் பரிசோதனை அண்மைய வாரங்களைத்தான் காட்டும்; பல்லோ குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பதிந்து வைத்திருக்கும். ஈய நோய்க்கான வெளிப்படை அறிகுறி எதுவும் இல்லாத அந்தக் குழந்தைகளில், பல்லில் அதிக ஈயம் இருந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தது. வகுப்பில் கவனம் சிதறுவதாகவும் ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். ஈயத் தொழில்துறையோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் அவர்மீது ஆராய்ச்சி முறைகேடு என்று புகார் கூறினார்கள். விசாரணைக்குப் பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். இன்று, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 1920-களில் பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கிய ஈயத்தைக் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்துருண்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாப்தலின் உருண்டை போட்டு வைத்த துணியைக் காற்றில் உலர்த்தாமல் அப்படியே எடுத்துப் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை தீவிரமாகலாம். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலின் உருண்டைகளைச் சந்தையிலிருந்து விலக்கியது. பெரியவர்களுக்கு வெறும் வாசனையாகத் தோன்றும் ஒன்று, பிறந்து ஒரு வாரம் ஆன உடலுக்கு என்ன செய்யும் என்பதை இதைவிட நேரடியாகச் சொல்ல முடியாது.

2025 ஜனவரி 16

“சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பிரிவில் இருப்பவற்றை மட்டும் தவிர்த்தால் போதுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அந்தப் பிரிவுகள், ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. அது எவ்வளவு வீரியமானது என்பதைக் காட்டுவதில்லை. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் பிரிவில் இருப்பதால் இரண்டும் சமமான ஆபத்து என்று பொருள் கொள்ள முடியாது. மேலும் அந்த முகமை புற்றுநோயை மட்டுமே ஆராய்கிறது. ஒவ்வாமை, ஹார்மோன் கோளாறு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவை அதன் வேலைக்குள் வராதவை.

2025 ஜனவரி 21

இந்த விஷயத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். கிரீம்கள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் பாரபென் என்ற பதப்படுத்தியைப் பற்றிய செய்திகளைப் படித்த காலத்தில், ‘பாரபென் இல்லாதது’ என்று லேபிளில் போட்டிருந்த ஈரத்துடைப்பான்களையும் ஒரு கை கிரீமையும் தொடர்ந்து பயன்படுத்தி வந்தேன். சில மாதங்களில் விரல் இடுக்குகளில் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, மடக்கினால் வெடித்து இரத்தம் கசியும் நிலைக்கு வந்தது. குளிர்காலம் என்றார்கள், சோப்பை மாற்றச் சொன்னார்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும்.

இறுதியில் ஒரு தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்தார். முதுகில் வரிசை வரிசையாகச் சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் மிகச் சிறிதளவு இருக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள், ஏனென்றால் இந்த வகை ஒவ்வாமை மெதுவாகத்தான் எழும். அதுவரை குளிக்கக் கூடாது. அரிப்பு எடுத்தாலும் முதுகை எங்கும் தேய்க்கக் கூடாது. என் முதுகில் ஓர் இடம் மட்டும் தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது. மெத்தில்ஐசோதயசோலினோன். பாரபென்னை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சேர்க்கப்பட்ட பதப்படுத்தி அதுதான்.

இது என் ஒருவரின் கதை இல்லை. பாரபென் எதிர்ப்பு வலுத்த ஆண்டுகளில் அந்த மாற்றுப் பொருள் கிரீம்களிலும் துடைப்பான்களிலும் வேகமாகப் பரவியது, கூடவே ஒவ்வாமையும் பரவியது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. தோலில் தடவி விட்டுவிடும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் தடை விதித்தது. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்தில் 15 பங்கு என்று வரம்பு வைத்தது. கொரியாவைப் பற்றி முதல் குறிப்பில் எழுதினேன் அல்லவா, அங்கே விற்ற சில திரவங்களில் பிஎச்எம்ஜிக்குப் பதில் இருந்தது இந்தக் குடும்பத்துப் பொருள்தான்.

‘இது இல்லை’ என்று சொல்லும் லேபிள், அதற்குப் பதில் எது இருக்கிறது என்று சொல்வதில்லை. பிளாஸ்டிக்கிலும் ரசீதுத் தாளிலும் பயன்படும் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ, இல்லாத ரசீதுத் தாள் என்றால் பல நேரங்களில் அதில் இருப்பது பிஸ்பீனால் எஸ். வடிவத்திலும் ஹார்மோனைப் போல நடந்துகொள்வதிலும் அது முன்னதன் உடன்பிறப்பு. 1970-களில் குழந்தைகளின் இரவு உடைகள் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க ‘ட்ரிஸ்’ என்ற புரோமின் சேர்மத்தில் நனைக்கப்பட்டன. அது மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கக்கூடியது என்று ஆர்லீன் பிளமும் புரூஸ் ஏம்ஸும் 1977-இல் எழுதினார்கள். அதே ஆண்டு அந்த உடைகள் தடை செய்யப்பட்டன. புரோமினுக்குப் பதில் குளோரின் போட்ட இன்னொரு ட்ரிஸ் இரவு உடைகளில் சிறிது காலம் இருந்து, பிறகு சோபாவின் நுரைப்பஞ்சுக்குள் பல ஆண்டுகள் குடியிருந்தது.

2025 ஜனவரி 22

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, “அப்படியானால் பாரபென் பாதுகாப்பானதா?” என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம். 2004-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு மார்பகக் கட்டிகளில் பாரபென் இருப்பதைக் கண்டது. அருகிலிருந்த நலமான திசுவோடு அது ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே கட்டிக்குக் காரணம் பாரபென் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆய்வை நடத்தியவர்களே அப்படிச் சொல்லவில்லை. மெத்தில், எத்தில் பாரபென்களின் ஹார்மோன் விளைவு மிக வலுவற்றது. புரோப்பில், பியூட்டில் வகைகளில் சற்றுக் கூடுதல். ஐரோப்பிய விதிகளும் அந்த வேறுபாட்டின்படியே முதலிரண்டுக்குத் தளர்வான வரம்பும் பின்னிரண்டுக்கு இறுக்கமான வரம்பும் வைத்திருக்கின்றன. பதப்படுத்தியே இல்லாத கிரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், கண்ணருகே தடவுகிறவர்களுக்கு அதுவும் ஆபத்துதான். என் கைகளுக்கு இன்று நான் தேர்ந்தெடுப்பது மெத்தில் பாரபென் உள்ள எளிய, மணமற்ற கிரீம்.

2025 ஜனவரி 29

எவ்வளவு காலம் தங்குகிறது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. இந்தக் கேள்விதான் எனக்கு ஓரளவு நிம்மதியையும் ஓரளவு கவலையையும் சேர்த்தே தருகிறது.

நிம்மதி தருவதை முதலில் எழுதுகிறேன். பிபிஏவும், பிளாஸ்டிக்கிலும் நறுமணப் பொருள்களிலும் சேர்க்கப்படும் தாலேட்டுகளும் உடலுக்குள் போனபின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. நம் உடலில் அவை எப்போதும் காணப்படுவதற்குக் காரணம், தினமும் புதிதாக உள்ளே போய்க்கொண்டிருப்பதுதான். அப்படியானால் வரத்தை நிறுத்தினால் அளவு விரைவில் இறங்க வேண்டும், இறங்கவும் செய்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 100 பதின்ம வயதுப் பெண்களிடம், தாலேட், பாரபென், ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி, ஒரு வகைப் புற ஊதா வடிகட்டி ஆகியவை இல்லாத அழகுப் பொருள்களைக் கொடுத்து மூன்று நாள் பயன்படுத்தச் சொன்னார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், நறுமணப் பொருள்களில் உள்ள டைஎத்தில் தாலேட்டின் எச்சம் சிறுநீரில் 27 விழுக்காடு குறைந்தது. மெத்தில் பாரபென் 44 விழுக்காடும், ட்ரைக்ளோசான் 36 விழுக்காடும் குறைந்தன. மூன்றே நாளில். எத்தில், பியூட்டில் பாரபென்களின் அளவு சற்றுக் கூடியதையும் சொல்ல வேண்டும். லேபிளில் எழுதப்படாத ஏதோ ஒன்றிலிருந்து அவை வந்திருக்கலாம்.

நறுமணம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. லேபிளில் ‘ஃப்ராக்ரன்ஸ்’ அல்லது ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் டஜன் கணக்கில் சேர்மங்கள் இருக்கலாம், வணிக ரகசியம் என்ற பெயரில் அவற்றைத் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. ஒவ்வாமை தரும் 26 பொருள்களையாவது பெயரோடு எழுத வேண்டும் என்று ஐரோப்பா 2003-இல் விதித்து, அந்தப் பட்டியலை 2023-இல் பெரிதாக்கியது. ஒரு வீட்டில் ஒரே நாளில் குறைக்கக்கூடியது எது என்று கேட்டால் நான் நறுமணத்தைத்தான் சொல்வேன். சலவைத் தூள், தரைக்கு ஊற்றும் திரவம், அறை மணமூட்டி, சாம்பிராணி ஸ்பிரே, உடல் கிரீம் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எதற்கும் அது தேவையில்லை.

இனி கவலை தருவது. ஒட்டாத பாத்திரப் பூச்சு, கறை பிடிக்காத துணி, தண்ணீர் புகாத மேலாடை, எண்ணெய் ஊறாத காகிதப் பொதி ஆகியவற்றில் பயன்படும் பிஃபாஸ் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் கார்பன் ஃபுளோரின் பிணைப்பை உடலாலும் உடைக்க முடியாது, மண்ணாலும் உடைக்க முடியாது. பிஎஃப்ஓஏ என்ற ஒன்று நம் இரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஆலையின் கழிவு குடிநீரில் கலந்த பகுதிகளில் சுமார் 69,000 பேரிடம் தரவு திரட்டப்பட்டது. அதை ஆராய்ந்த அறிவியல் குழு சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் அழற்சிப் புண், கர்ப்பகால இரத்த அழுத்தம், உயர் கொழுப்பு ஆகிய ஆறு நோய்களோடும் அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு செய்தது. 2023-இல் பிஎஃப்ஓஏ புற்றுநோய் முகமையின் முதல் பிரிவில் சேர்க்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று அமெரிக்கா 2024-இல் வரம்பு நிர்ணயித்தது. வரத்தை இன்று நிறுத்தினாலும் நேற்றுவரை சேர்ந்தது போக ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்தக் குடும்பத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாக இருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 2

வீட்டில் இருக்கும் நான்ஸ்டிக் பாத்திரங்களைத் தூக்கி எறிய வேண்டுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். பூச்சாக இருக்கும் டெஃப்லான் மிகப் பெரிய மூலக்கூறு. சிறு துணுக்கு உதிர்ந்து வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். பிஎஃப்ஓஏ அந்தப் பூச்சைத் தயாரிக்கும் ஆலையில் உதவிப் பொருளாக இருந்தது, அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டார்கள். ஆகவே பாத்திரத்தைப் பயன்படுத்துகிறவரைவிட ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் அடுப்படியில் கவனிக்க வேண்டியது வெப்பம். வெறும் பாத்திரத்தைப் பெரும் தீயில் மறந்துவிட்டால் சில நிமிடங்களில் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், பூச்சு சிதைந்து புகை வரும். அந்தப் புகை மனிதர்களுக்குச் சளிக்காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும். கூண்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றுவிடும். பூச்சு உரிந்துபோன பாத்திரத்தை மாற்றுங்கள். நல்ல நிலையில் இருப்பதைக் குறைந்த தீயில் பயன்படுத்துங்கள்.

2025 பிப்ரவரி 3

பல ஆண்டுகளில் வரும் நோய்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சில நிமிடங்களில் ஆளை வீழ்த்துவது ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. பிளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவம் சேர்ந்தால் குளோரமைன் வரும். என் அக்கா ஒருமுறை மஞ்சள் கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினார். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்டது. அன்று இரவு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவருக்கு இரண்டு பொருள்களும் தனித்தனியே பழக்கமானவை, இரண்டின் புட்டியிலும் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது. இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தக் குறிப்பை வீட்டில் சுத்தம் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

2025 பிப்ரவரி 10

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். பிபிஏ விஷயத்தில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே, அப்புறம் நாம் எதை நம்புவது என்கிறார்.

ஒற்றுமை இல்லை என்பது உண்மை. எதில் இல்லை என்று பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்றிருந்த வரம்பை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 0.2 நானோகிராமாக்கியது. இருபதாயிரம் மடங்கு குறைவு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்காமல், தானே மதிப்பிட்டு 200 நானோகிராம் என்றது. ஆனால் அதுவும் பழைய வரம்பைவிட இருபது மடங்கு குறைவு. பழைய வரம்பு மிகத் தாராளமானது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. உணவைத் தொடும் பொருள்களில் பிபிஏவைத் தடை செய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் ஏற்றது. பிபிஏ பெண் ஹார்மோனைப் போல் செயல்படும் என்று பிரிட்டனைச் சேர்ந்த எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் 1930-களிலேயே எழுதியிருந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆக்குவதற்கு முன்பே அதன் இந்தக் குணம் தெரிந்திருந்தது.

அதே டாட்ஸின் குழு 1938-இல் உருவாக்கிய டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோன், கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. உட்கொண்ட தாய்மார்களிடம் உடனடிப் பாதிப்பு தெரியவில்லை. வயிற்றில் இருந்த பெண் குழந்தைகள் வளர்ந்து இளம்பெண்களான பிறகு, அந்த வயதில் மிக அரிதான ஒரு வகைப் புற்றுநோய் அவர்களில் சிலருக்கு வந்ததை 1971-இல் கண்டுபிடித்தார்கள். அது மருந்து, அளவு மிக அதிகம். பிபிஏவும் அதே விளைவைத் தரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஹார்மோனைப் போல் நடிக்கும் பொருள்களில், எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும் என்பதை அந்தப் பெண்களின் உடல்கள் நமக்குக் காட்டின. வயது பற்றிய குறிப்பில் ஈயத்தை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தேன். இதுவும் அங்கே சேர வேண்டியது.

2025 பிப்ரவரி 14

சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பற்றி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் நிறம் சில வாரங்களில் மாறும், அதனால் மக்கள் நம்புவார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் எவையும் 2025-க்குப் பிறகு கூடாது என்று 2023-இல் முடிவாயிற்று. அந்த வரம்பைப் பல ஆயிரம் மடங்கு மீறும் கிரீம்கள் இன்னும் சோதனைகளில் அகப்படுகின்றன. பாதரசம் சிறுநீரக வடிகட்டிகளைக் கெடுக்கும். முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போவது அதன் அறிகுறி. தடவுகிறவரோடு அது நிற்பதில்லை. துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, அதே அறையில் தூங்கும் குழந்தையிடமும் போய்ச் சேரும். தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாமல் வரும் கிரீமை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பட்டியலில் கேலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரியோ என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம்.

2025 பிப்ரவரி 19

சென்ற வாரம் ஒருவர் எழுதியது மனத்தை விட்டுப் போகவில்லை. பொடி எழுத்து லேபிளைப் படித்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது, இதெல்லாம் வசதி உள்ளவர்களின் கவலைதானே என்று கேட்டிருந்தார். ஒரு பகுதி அப்படித்தான். ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து எடுத்தது எந்தத் தனிமனிதரும் பார்த்து வாங்கியதால் நடக்கவில்லை. விதி மாறியது, எல்லோருடைய இரத்தத்திலும் ஈயம் இறங்கியது, லேபிள் படிக்கத் தெரியாதவர்களின் குழந்தைகளுக்கும் சேர்த்தே இறங்கியது. ட்ரைக்ளோசானும் அப்படித்தான் போனது. அது சேர்த்த சோப்பு சாதாரண சோப்பைவிட மேலானது என்றும், நீண்டகாலத் தினசரிப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது என்றும் நிரூபிக்கச் சொல்லி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கேட்டது. நிறுவனங்களால் முடியவில்லை, 2016-இல் அது உட்பட 19 பொருள்கள் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கப்பட்டன. நிரூபிக்கும் பொறுப்பை விற்பவரிடம் வைத்ததால் அது முடிந்தது. வீட்டில் நாம் செய்யும் மாற்றங்கள் தேவைதான். ஆனால் நம் நேரத்தில் பாதியையாவது இந்த விதிகளைக் கேட்பதில் செலவிட வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

2025 பிப்ரவரி 23

பழைய மரத்தொட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பெயிண்ட் அடித்துக் குழந்தைக்குத் தரலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார். தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால், பூச்சாக இருக்கும் வரை அது குறைந்த ஆபத்து. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது தூசாகி அறை முழுவதும் படியும், அந்தத் தூசுதான் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். தீயிலோ சூடான காற்றிலோ இளக்கி எடுப்பதும் கூடாது, ஈயம் ஆவியாகி மூச்சில் கலக்கும். பெயிண்ட் துணுக்கு ஒன்றை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க முடியுமானால் சோதியுங்கள். முடியாவிட்டால், குழந்தை கம்பியைக் கடிக்கும் என்பதையும், மேலே பூசும் புதுப் பெயிண்ட் அந்தக் கடியைத் தாங்காது என்பதையும் கணக்கில் கொண்டு, வேறு தொட்டிலைப் பாருங்கள். ஏற்கெனவே தேய்த்துவிட்டிருந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத்துணியால் தரையையும் சன்னல் விளிம்புகளையும் துடைத்து, அந்தத் துணியைக் கழுவிப் பயன்படுத்தாமல் கட்டி எறிந்துவிடுங்கள். அந்த அறையில் குழந்தை ஏற்கெனவே விளையாடியிருந்தால், மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவு பாதியாகச் சுமார் ஒரு மாதம்தான் ஆகும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.